உன் அம்மாவின் கால் வீக்கம்

உ

திருச்சுழி,
கார்த்திகை 18 (3-12-1968)

அன்பு மகள் கஸ்தூரிக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நம் குடும்பத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பேத்தியும் மேலுக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் துணைமாலையம்மன் கூட இருப்பாள். இங்கே நானும் உன் தம்பி தனுஷ்கோடியும் சுகம். உன் அம்மாவும் இப்போது சுகம். ‘இப்போது’ என்று எழுதியதை நீ கவனிக்காமல் விடமாட்டாய். அதைச் சொல்லத்தான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இன்று காலையிலேயே பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். இந்த வருஷம் மழை பரவாயில்லை, குண்டாற்றில் தண்ணீர் வந்தது, நரிக்குடிப் பக்கம் கண்மாய்கள் பாதிக்கு மேல் நிறைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். மிளகாய் வத்தல் வரத்து இனி மாசிக்கு மேல்தான், அதனால் கடையில் எனக்குப் பெரிய வேலை இல்லை.

நீ தம்பிக்குத் தனியாகப் போட்ட கார்டை அவன் என்னிடம் காட்டினான். அவன் மேல் கோபப்படாதே, மனசு கேட்காமல்தான் காட்டினான். ‘ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இருந்த பெண்களுக்கு அவர்களுடைய அம்மாக்கள் வந்து தலைவாரி விட்டார்கள், எனக்குத் தந்தி வந்தது’ என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அதை வாசித்துக் காட்டச் சொன்னாள். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு வாசிக்கலாமா என்று நினைத்தேன், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை. கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கேயிருந்தே, “அவ கேட்டதுல என்ன தப்பு இருக்கு? இனிமே சொல்லிப்போடுங்க. புள்ள பெத்து எந்திரிச்சுட்டா, இனிமே பயமில்ல” என்றாள். நிறைமாதமாக இருப்பவளிடம் இதைச் சொல்லக் கூடாது என்று என்னைத் தடுத்து வைத்திருந்தவளும் அவள்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீ உண்டாகியிருப்பதாக எழுதிய நாளிலிருந்தே உன் அம்மாவுக்கு நீ இருக்கிற பிலாய்ப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பிள்ளைத்தாய்ச்சியை அவ்வளவு தூரம் ரயிலில் வைத்து அழைத்து வர வேண்டாம், நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலில் சொன்னதும் அவள்தான். மதுரைக்கு அந்தப் பக்கம் ஊர் பார்த்திராதவள், வடக்கே போய் வந்தவர்கள் யாராவது கடைக்கு வந்தால் உள்ளே இருந்து வந்து நின்று கேட்பாள். மதராஸில் எப்படி வண்டி மாறுவது, நாகபுரியில் எவ்வளவு நேரம் நிற்கும், தண்ணீர் எங்கே பிடிப்பது, எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டாள். சுக்கு, திப்பிலி, சதகுப்பை எல்லாம் வாங்கி இடித்துச் சலித்து பிரசவ மருந்து தனியாக, கருப்பட்டி தனியாக, உளுந்து தனியாக, அங்கே நல்ல பூண்டு கிடைக்காது என்று யாரோ சொன்னதற்காகப் பூண்டு ஒரு பை. என் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்துக் குழந்தைக்கு அணைத்துணியாக மடித்து வைத்தாள். அவளுக்கு ஒரே பயம்தான் இருந்தது. ரயில் பெட்டியின் படி உயரமாக இருக்கும், தன் முழங்கால் வலியோடு ஏற முடியாமல் போய்விடுமோ என்பது. உனக்குத்தான் தெரியுமே, கோடையில் வத்தல் வந்து குவிந்துவிட்டால் காம்பு கிள்ளும் பெண்களுக்கு நடுவில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றபடியே இருப்பாள், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். அந்த முழங்கால் ஐந்தாறு வருஷமாகவே அவளைப் படுத்திக்கொண்டிருந்தது.

வாரச் சந்தையில் மூட்டுவலிக்கு மாத்திரை விற்கிற ஒருவரிடம் அவள் போய் மாத்திரை வாங்கியது வீட்டில் யாருக்கும் தெரியாது. தின்ற இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டதாம். அந்தச் சந்தோஷத்தில் ஒன்று தின்கிற இடத்தில் இரண்டு தின்றிருக்கிறாள். “மாடிப்படி கணக்கா ரயிலு படியில ஏறிருவேன்” என்று உன் அத்தை சண்முகவடிவிடம் சொல்லிச் சிரித்தாளாம். அதோடு உன் பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டும் என்று செவ்வாயும் வெள்ளியும் விரதம். அந்த நாட்களில் பச்சைத் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும்தான். மற்ற நாட்களிலும் ருசி இல்லை என்று மோர்வத்தலும் ஊறுகாயும் தொட்டுக்கொண்டு பழைய சோறு. முகம் கொஞ்சம் பூரித்த மாதிரி இருந்தது. பேரப்பிள்ளை வரப்போகிற சந்தோஷத்தில் முகம் தெளிந்திருக்கிறது என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். கால் வீங்க ஆரம்பித்ததை அவள் சேலையை இறக்கிக் கட்டி மறைத்துவிட்டாள். முதலில் சாயங்காலம் மட்டும் வீங்கி விடிந்தால் வற்றிவிடுமாம், பிறகு விடிந்தாலும் வற்றாமல் நின்றுவிட்டதாம். சொன்னால் அனுப்ப மாட்டார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் நாங்கள் புறப்பட்டோம். ஆமாம் கஸ்தூரி, நாங்கள் புறப்பட்டோம். வர முடியவில்லை என்று தந்தியில் பார்த்ததும் வீட்டிலிருந்தே கிளம்பவில்லை என்று நீ நினைத்திருப்பாய். பெட்டியும் பைகளும் தூக்குவாளியுமாகக் காலையிலேயே பஸ் ஏறிவிட்டோம். அருப்புக்கோட்டையில் இறங்கி மதுரை பஸ் பிடித்து அன்றைக்கே மதராஸ் வண்டியைப் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் கூட்டம், உன் அம்மாவின் கால் மாட்டில் பூண்டுப் பையும் உளுந்துப் பையும் இருந்ததால் காலை மடக்கியபடியே உட்கார்ந்து வந்தாள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், இவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. “என்ன, எறங்கலையா?” என்று கேட்டேன். “செத்த இருங்க, கால் மரத்துப்போச்சு” என்றாள். கண்டக்டர் சத்தம் போட்டார். நான் கைகொடுத்து இறக்கினேன். ஒரு காலைக் கீழே வைத்தவள் அப்படியே படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சேலை சற்று மேலே ஏறியிருந்தது. அப்போதுதான் அந்தக் கால்களைப் பார்த்தேன். கணுக்கால் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. முழங்காலிலிருந்து பாதம்வரை ஒரே உருண்டையாக, தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியது மாதிரி இருந்தது. மெட்டி சதைக்குள் புதைந்து இரண்டு விரலும் கருநீலமாகியிருந்தன.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். மதுரை பஸ் எதிரே நின்றுகொண்டிருந்தது. அவள் அதைக் காட்டி, “ஏறுங்க, அங்கன போயி உக்காந்துட்டாச் சரியாயிரும்” என்கிறாள். நான் டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜனங்களுக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரயிலு போயிரும்ங்க. அவ அங்க தனியாக் கெடக்கா. கால்தான வீங்கியிருக்கு, உசுரா போகுது?” என்று கெஞ்சினாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. மதுரை பஸ்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார். அது போன பிறகுதான் அவள் அழுதாள்.

குதிரை வண்டி வைத்து டாக்டர் தாவீதுராஜிடம் கூட்டிப்போனேன். இவர் நீ கல்யாணமாகிப் போன பிறகு அருப்புக்கோட்டைக்கு வந்தவர், உனக்குத் தெரியாது. நடுத்தர வயது, அவசரப்படாமல் பார்க்கிற மனுஷர். அங்கே நர்ஸாக இருக்கும் இன்பராணி முதலில் மெட்டியைக் கம்பி வெட்டுகிற கத்தரியால் நறுக்கி எடுத்தது. மெட்டி நறுக்கென்று உடைந்தபோது உன் அம்மா என் முகத்தைத்தான் பார்த்தாள், அபசகுனமாக நினைக்கிறாள் என்று புரிந்தது. டாக்டர் தன் கட்டை விரலை அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் வைத்து அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த இடம் பள்ளமாக அப்படியே நின்றது, பிசைந்த மாவில் அழுத்தின மாதிரி. வெகு நேரம் அது மேலே எழும்பவில்லை.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு கால் முதலில் வீங்கியதா, இரண்டும் சேர்ந்தா? நடந்தால் மூச்சு வாங்குகிறதா? ராத்திரி தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம் வருகிறதா? காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி ஊதியிருக்கிறதா? ஒன்றுக்குப் போவது குறைந்திருக்கிறதா? உன் அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில், “அதெல்லாம் கெடக்கட்டும் அய்யா, நாளைக்கு ரயிலு ஏறலாமா, அத மட்டும் சொல்லுங்க” என்றாள். அவர், “எந்த ரயிலும்மா?” என்றார். “பிலாய் போற ரயிலு. என் மகளுக்கு இது தலைப்பிரசவம்.” டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ரெண்டு நாள், மூணு நாள் காலத் தொங்கப்போட்டு உக்காந்து போனீகன்னா, எறங்கும்போது ஒங்களப் பாக்குறதுக்கு ஒங்க மக எந்திரிச்சு வரணும். பிள்ளைய அப்பறம் யாரு பாக்குறது?” என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளை டாக்டரின் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டு அன்றைக்குச் சாயங்காலம்தான் உனக்குத் தந்தி கொடுத்தேன். தந்தி ஆபீஸில் நின்று எதை எழுதினாலும் உனக்குப் பயமாக இருக்குமே என்று எழுதி எழுதி அடித்துவிட்டு, கடைசியில் ‘அம்மா வர இயலவில்லை, தைரியமாக இரு’ என்று மட்டும் எழுதினேன். உன் அத்தையை அனுப்பலாம் என்றால் அவள் மருமகளுக்கும் அதே மாதம். தம்பியை அனுப்பி அவன் என்ன செய்வான்?

நர்ஸ் இன்பராணி அவளுக்குச் சேலை மாற்றிவிட்டபோது முந்தி முடிச்சில் அந்த மாத்திரைப் பொட்டலம் இருந்தது. ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு இல்லை என்று சொல்லியிருந்தாள். முழங்காலுக்கு வாங்கியது கால் வீக்கத்துக்கு எப்படிச் சேரும் என்பது அவள் நியாயம். டாக்டர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். வயதானவர்களுக்குக் கால் வீங்கினால் இதுதான் காரணம் என்று பார்த்த உடனே சொல்லிவிட முடியாதாம். இருதயம் ரத்தத்தை இறைக்கிற வேகம் குறைந்தால் தண்ணீர் தாழ்வான இடத்தில் வந்து தங்கும், அந்தத் தாழ்வான இடம் கால். சிறுநீரகம் கெட்டாலும் வீங்கும், ஈரல் கெட்டாலும் வீங்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துபோனதாக இருக்கலாம், அது அவசரம். “வலிக்குத் தின்ன இந்த மாத்திரையும் காரணமா இருக்கலாம் அய்யா. வலிய அமுக்கும், அமுக்கிட்டு ஒடம்புல உப்பையும் தண்ணியையும் வெளிய விடாமப் புடிச்சு வச்சுக்கிரும். மொகம் பூரிச்சிருக்கே, அது சந்தோஷத்துல இல்ல” என்றார். ஆனால் மாத்திரைதான் என்று நினைத்து மற்றதைப் பார்க்காமல் விடக் கூடாது, எல்லாம் பார்த்துவிடுவோம் என்றார்.

அதற்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் வீக்கம் வற்றுவதற்கு நீர்முள்ளிக் கஷாயம் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள், அவளுக்கு அவ்வளவு பாசம். டாக்டர் அதைக் கோபிக்கவில்லை, இப்போதைக்கு எதையும் சேர்த்துக் கொடுத்தால் எது வேலை செய்தது என்று தெரியாது, பிறகு பார்க்கலாம் என்றார். என் பெரியப்பா வீட்டுச் சங்கரம்மாள் மட்டும் காலைப் பார்த்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டு, “யானைக்காலா இருக்கப்போகுது, தனுஷ்கோடிக்குப் பொண்ணு வேற பாக்கணும்” என்றாள். அவர்கள் போன பிறகு உன் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கஸ்தூரிக்கு எடுத்துவைத்த பச்சைச் சேலை பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது, வெள்ளிக் கிண்ணம் அரிசிப் பானைக்குள் இருக்கிறது, நான் இல்லாவிட்டாலும் அவளுக்குப் போய்ச் சேரணும் என்றாள். அவள் மனசில் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்தேன்.

டாக்டர் அவள் ஒன்றுக்கு விட்டதைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். முட்டை வெள்ளை மாதிரி திரண்டால் சிறுநீரகத்தில் கோளாறு என்றார். திரளவில்லை, தெளிவாகவே கொதித்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்து ஈரல் வீங்கவில்லை என்றார். யானைக்கால் பூச்சி ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடுமாம், அதற்கென்று ரத்தம் எடுத்துப் பார்த்து அதுவும் இல்லை என்று ஆயிற்று. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்ததில் மட்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ரத்தம் ரொம்பக் குறைவு, அதுவும் வீக்கத்தைக் கூட்டும், சாப்பிடுகிறார்களா இல்லையா என்று கேட்டார். விரதத்தைச் சொன்னேன். தலையை அசைத்தார். பாக்கி இருந்தது இருதயம். அதற்கு மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

மதுரைக்குக் காரில் போனோம், பின் சீட்டில் அவளை நீட்டிப் படுக்க வைத்து. ரயில்வே கேட்டில் கார் நின்றது. எந்த ரயிலோ போயிற்று. தலையைத் தூக்கி அது போய் முடிகிற வரைக்கும் பார்த்தாள். “இதுவாங்க?” என்று கேட்டாள். இல்லை, இது வேறு என்றேன். ஆஸ்பத்திரியில் கையிலும் காலிலும் பட்டை கட்டி நெஞ்சுத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக இழுக்கிற மிஷினில் எடுத்தார்கள், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் எனக்கு உன் முகம் நினைவு வரவில்லை கஸ்தூரி. எவ்வளவு முயன்றும் வரவில்லை. உன் குரல் மட்டும் கேட்டது. பெரிய டாக்டர் கூப்பிட்டு இருதயத்தில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று சொன்னபோது நான் அவர் காலில் விழப்போய் மேஜையில் இடித்துக்கொண்டேன். ஆக, எல்லாம் சேர்ந்து வந்த வினை. நின்று நின்று காலின் நரம்பெல்லாம் புடைத்துப்போய் மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழே தேங்குகிற பழைய கோளாறு ஒன்று, அதற்கு மேல் ரத்தக் குறைவு, உப்பு, அதற்கும் மேல் அந்த மாத்திரை. இதில் உனக்காகச் செய்தது எது என்று பிரித்துப் பார்த்து நீ மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. அவளை யாரும் செய்யச் சொல்லவில்லை, செய்யாதே என்றாலும் கேட்டிருக்க மாட்டாள்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்தாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர் தாவீதுராஜ் சொல்லிவிட்டார். அதனால்தான் இவ்வளவு நாள் பிடித்தது. வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு உப்பில்லாத சாப்பாடு, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச் சத்துக்கு ஒரு மருந்து. படுக்கும்போது கால் நெஞ்சுக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும். தனுஷ்கோடி கடையிலிருந்து புதுச் சாக்கில் பஞ்சு அடைத்துக் கொண்டுவந்து கால்மாட்டில் போட்டான். தினமும் காலையில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து பள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்து வரும்படி டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். முதல் நாள் அவள் விடவில்லை. “ஆம்பள போயி பொம்பள கால்ல கை வைக்கிறதாவது” என்று காலை இழுத்துக்கொண்டாள். கல்யாணத்தன்று அம்மி மேல் தூக்கி வைத்து மெட்டி போட்டபோது அவள் காலைத் தொட்டது, அதற்குப் பிறகு இப்போதுதான். மூன்றாம் நாள் அவளே காலை நீட்டிவிட்டு முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாளாக நாளாகப் பள்ளம் சீக்கிரம் நிரம்பிக்கொண்டு வந்தது. ஒரு நாள் கணுக்கால் எலும்பு லேசாகத் தெரிந்தது. அதைச் சொன்னதும் குனிந்து பார்த்து, “ஆமா, வந்துருச்சு” என்றாள், ஊருக்குப் போயிருந்த யாரோ திரும்பி வந்த மாதிரி.

அப்படி இருந்தபோதுதான் மாப்பிள்ளையின் தந்தி வந்தது. தபால்காரரைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடிப்போய் வாங்கினேன். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று உரக்க வாசித்தேன். பஞ்சுச் சாக்கில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, “இன்னொரு மட்டம் வாசிங்க” என்றாள். வாசித்தேன். “வலி ரொம்ப நேரம் இருந்துச்சான்னு போட்டிருக்கா?” என்றாள். தந்தியில் அதெல்லாம் போட மாட்டார்கள் என்றேன். பிறகு நான் சர்க்கரை எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். சுவரைப் பிடித்துப் பிடித்துப் புழக்கடைக்குப் போய், உனக்காக இடித்து வைத்திருந்த பிரசவ மருந்து டப்பாவைத் திறந்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். பூச்சி பிடித்துவிடுமாம். அந்த டப்பாவை உன் அத்தையின் மருமகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

இதுதான் நடந்தது. உனக்குப் பக்கத்து வீட்டு ஒரியாக்கார அம்மாள் பத்தியச் சோறு பொங்கிப் போட்டதாக எழுதியிருந்தாய். உன் அம்மா அந்த அம்மாளின் பெயரை எழுதச் சொல்கிறாள், கோவிலில் உன் பெயரோடு அவர்கள் பெயருக்கும் அர்ச்சனை செய்ய வேண்டுமாம். உனக்கும் மாசமாக இருந்தபோது கால் வீங்கியதாக எழுதினாயே, டாக்டரைக் கேட்டேன், அது வேறு, பிரசவமானதும் தானாக வற்றிவிடும், ஆனால் வற்றாமலிருந்தாலும் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். நீயும் உன் அம்மாவைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்காதே. வேலை இருக்கிறது என்று நின்றுகொண்டே இருக்காதே. பால் கொடுக்கும்போது காலைத் தொங்கப்போடாமல் ஒரு பலகை மேல் வைத்துக்கொள். மாமியார் வந்து இருப்பதாகக் கேட்டுச் சந்தோஷம், அவர்கள் கால் வலி என்று ஏதாவது மாத்திரை தின்றால் என்ன மாத்திரை என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்.

போன வாரம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தை பிறக்கட்டும், வீக்கம் மறுபடி வராமல் இருந்தால் போகலாம், படுத்துப் போகிற சீட்டாகப் போட வேண்டும், விழித்திருக்கும்போது அடிக்கடி எழுந்து பெட்டிக்குள் நடக்க வேண்டும், மதராஸில் ஒரு நாள் தங்கிக் காலை நீட்டிப் படுத்து இளைப்பாற வேண்டும் என்று சொன்னார். உன் அம்மா இதற்குள் எல்லாரிடமும் தைப் பொங்கல் முடிந்து போகிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சாயங்காலமானால் இன்னும் கொஞ்சம் வீங்கத்தான் செய்கிறது. அதை அவள் இப்போது மறைப்பதில்லை, அவளே கூப்பிட்டுக் காட்டுகிறாள், அந்த மட்டில் எனக்கு நிம்மதி. வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், மூன்று பேருக்கும் தினம் ஒரு தடவையாவது உன் பேச்சு வராமல் போவதில்லை. தனுஷ்கோடி சாப்பிட உட்காரும்போது உன் பெயரைச் சொல்லி ஏதாவது கேலி செய்வான், அவள் சிரிப்பாள். உன் கல்யாணத்தின்போது வடக்கே வேலையிலிருக்கும் மாப்பிள்ளை கிடைப்பது அதிர்ஷ்டம் என்று ஊரே சொன்னது, நானும் அப்படித்தான் பெருமைப்பட்டேன். அது பொய்யில்லை. ஆனால் இங்கேயிருந்து பிலாய் எவ்வளவு தூரம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, இந்த ஐப்பசியில்தான் தெரிந்தது.

குளிர் அதிகமாக இருக்கும், குழந்தையை விடிகாலையில் குளிப்பாட்டாதே, உச்சியில் எண்ணெய் வை, காதில் பஞ்சு வை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அகிலாண்ட நாயகி உங்கள் மூவருக்கும் நிறைந்த ஆயுளும் நோயில்லாத உடம்பும் கொடுக்கட்டும், பதினாறு பேறும் பெற்று நீ நன்றாக இருப்பாய்.

ஒரு காரியம் மறக்காமல் செய்ய வேண்டும். நர்ஸ் இன்பராணி நம் பேத்திக்குக் கம்பளி நூலில் காலுறை பின்னித் தருவதாகச் சொல்லியிருக்கிறது, அளவு கேட்கிறது. குழந்தையின் பாதத்தை ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து அனுப்ப வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள். கடிதம் போய், காகிதம் வந்து, பின்னி முடிப்பதற்குள் குழந்தைக்குக் கால் வளர்ந்துவிடுமே, அந்த அளவு எதற்கு உதவும் என்று கேட்டேன். “வளந்த கால நான் போயிப் பாத்துக்கிருவேன். பெறந்த கால்தான் நான் பாக்கல. அத அனுப்பச் சொல்லுங்க” என்றாள். அனுப்பு தாயி. இரண்டு காலும் வரைந்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா,
சங்கரலிங்கம்